கண்ணகியைப் பெற்றவர் யார்?

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் சிலப்பதிகாரக் கதையைக் கூறி முடித்துவிட்டு, கதைமாந்தரின் உறவுமுறையைக் கரும்பலகையில் கட்டமிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். மாசாத்துவானின் மகன் கோவலன். மாநாய்கனின் மகள் கண்ணகி. சித்திராபதியின் மகள் மாதவி. மாதவியின் மகள் மணிமேகலை. கோடுகள் எல்லாம் நேராக வந்துவிட்டன என்ற நிறைவோடு திரும்பினேன். முன்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "கண்ணகியோட அம்மா பேரு என்னங்கய்யா?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். ஆசிரியத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இந்த 'நாளை' எத்தகையது என்பது தெரியும். அன்றிரவு நூலை எடுத்து வைத்துக்கொண்டு மங்கல வாழ்த்துப் பாடல் முதல் வரந்தரு காதை வரை தேடினேன். பெயர் கிடைக்கவில்லை. கண்ணகியின் தாய்க்கு மட்டுமன்று. கோவலனின் தாய்க்கும் காப்பியத்தில் பெயர் இல்லை. அந்தச் சிறுமியின் கேள்வியிலிருந்து தொடங்கிய தேடலைத்தான் இன்று நேயர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்கேள்வி எங்கள் ஊரில் எழுந்தது ஒருவகையில் பொருத்தமே. மதுரையை எரித்தபின் கண்ணகி சென்றடைந்த மலையை இளங்கோவடிகள் நெடுவேள்குன்றம் என்கிறார். அக்குன்றம் திருச்செங்கோடே எனக் கொண்டவர்களும், இல்லையென மறுத்தவர்களும் பழைய உரைகாரர் காலத்திலேயே இருந்திருக்கின்றனர். முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகச் செங்கோட்டைக் குன்றக்குரவை எண்ணுவது முதற்கூறியோர்க்கு வலுத்தரும். சேர நாட்டு வஞ்சிக்கு இவ்வூர் தொலைவு என்பது மறுப்போர் கூற்று. தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் ஏறிச்சென்று வழிபடும் மங்கலதேவி கோட்டமே அவ்விடம் என இன்று பலர் கருதுகின்றனர். அவ்வழக்கில் நான் இன்று இறங்கப்போவதில்லை. எங்கள் மலை என்பதற்காகச் சான்றை வளைப்பது ஆசிரியனுக்கு அழகன்று.

புராண மாந்தர்க்குக் குலமுறை வகுக்கும் வேலையைக் கிரேக்கர் பெரிய அளவில் செய்திருக்கின்றனர். எந்தத் தேவனுக்கு எந்தப் பெண்ணிடம் எந்த வீரன் பிறந்தான் எனப் பெண்களை முன்னிறுத்திக் கூறும் ஒரு பழம்பாடல் ஹெசியடின் பெயரால் வழங்கியது. இன்று அது துண்டு துண்டாகவே கிடைக்கிறது. பின்னாளில் அப்பொல்லோடோரஸ் பெயரால் வழங்கும் உரைநடை நூல் அக்கதைகளையெல்லாம் குடும்பம் குடும்பமாக அடுக்கித் தந்தது. குலமுறைப் பெருமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹெரோடோட்டஸ் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். மைலீட்டஸ் நகரத்து ஹெக்கட்டேயஸ் என்ற அறிஞர் எகிப்து நாட்டுக் கோயிலொன்றுக்குச் சென்று, தம் குலத்தின் 16ஆம் தலைமுறை முன்னோன் ஒரு தெய்வம் என்று கூறிக்கொண்டாராம். பூசாரிகள் மறுமொழி கூறாமல், கோயிலுள் வரிசையாக நிறுத்தியிருந்த 345 மரச்சிலைகளைக் காட்டினர். தந்தைக்குப்பின் மகன், மகனுக்குப்பின் பேரன் என அத்தனை தலைமுறைப் பூசாரிகளின் சிலைகள் அவை. அவர்களுள் ஒருவன்கூடத் தெய்வத்துக்குப் பிறந்தவன் அல்லன் என்றனர்.

கிரேக்கர் குலமுறைகளுள் நம் கண்ணகிக்கு மிக அருகில் வருவது ஹெலனின் குலமுறை. இருவரும் நகரம் எரியக் காரணமான பெண்கள். ஆனால் குணத்தால் இரு துருவங்கள். ஒப்புமை நகரத்தோடு நிற்கட்டும். ஹெலனைப் பெற்றவள் யார் என்ற கேள்விக்குக் கிரேக்கர் கூறிய விடைகள் நமக்குப் பாடமாக உதவும். ஹோமரின் இலியத்தில் அவள் சீயசின் மகள். தாயின் பெயர் அங்கே இல்லை. டிராய் மதில்மேல் நின்று தன் உடன்பிறந்தாராகிய காஸ்டர், பாலிடியூசிஸ் இருவரையும் தேடும்போது, அவர்களும் தானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மட்டும் கூறுகிறாள். ஒடிசியிலோ, அவ்விருவரின் தாய் லீடா என்று வேறோரிடத்தில் வருகிறது. இரண்டையும் இணைத்தால் ஹெலனின் தாய் லீடா என்றாகிறது. பிற்பட்ட வேறொரு காவியம் அவளை நெமிசிஸ் என்னும் பழிவாங்கும் தெய்வத்தின் மகள் என்றது. கடலரசனின் மகளொருத்தியே தாய் என்று மூன்றாவதாக ஒரு கூற்றும் உண்டு. இவற்றையெல்லாம் சமன்செய்ய முயன்றவர்கள், முட்டையை இட்டவள் நெமிசிஸ், அதை ஓர் இடையன் கண்டெடுத்து லீடாவிடம் கொடுத்தான், லீடா வளர்த்தாள் என்று கதையை முடித்தார்கள். அன்னத்தின் உருவில் வந்த சீயசால் உண்டானதாகலின் அது முட்டையாயிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசேனியஸ் என்ற பயணி ஸ்பார்ட்டா நகரத்துக் கோயிலொன்றின் கூரையில், நாடாக்களால் கட்டித் தொங்கவிட்ட முட்டையொன்றைக் கண்டு, அது லீடாவின் முட்டையென்று அங்குள்ளோர் கூறுவதாக எழுதிவைத்தார்.

இதிலிருந்து நான் இரண்டு வழிகளைக் கற்றுக்கொண்டேன். எது மூத்த சான்று என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னர் வந்த சான்று ஒரு புதிய தாயையோ தந்தையையோ தருமானால், அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று கேட்க வேண்டும். ஹெலனால் டிராய்க்கு வந்த அழிவு தெய்வத்தின் தண்டனை என்று கூற விரும்பியவனுக்குத்தான் பழிவாங்கும் தெய்வம் தாயாகத் தேவைப்பட்டது.

இனி நம் காப்பியத்துக்கு வருவோம்.

கண்ணகி திருமணத்தின்போது பன்னிரண்டு வயதினள். கோவலன் பதினாறு வயதினன். அவள் தந்தை மாநாய்கன், அவன் தந்தை மாசாத்துவான். சாத்து என்பது வணிகக் கூட்டம். பொதிமாடும் வண்டியுமாகப் பெருவழிகளில் செல்லும் கூட்டம். அதன் பெருந்தலைவன் மாசாத்துவான். நாய்கன் என்பது கடல்வணிகத் தலைவனைக் குறிக்கும் சொல். மாநாய்கன், அவர்களுள் பெரியவன். அப்படியானால் நான் கரும்பலகையில் பெயர்கள் என்று எழுதியவை பெயர்களே அல்ல, பட்டங்கள். நம் ஊர்ப்பக்கத்தில் ஒருவரை 'மணியகாரர்' என்றும் 'கணக்குப்பிள்ளை' என்றும் மூன்று தலைமுறை வழங்கியபின், அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாருக்கும் நினைவிராது. அதுபோன்றதே இது. தாய்மாரின் பெயர் இல்லையே என்று தேடப்போனவனுக்குத் தந்தையரின் பெயரும் கைநழுவிப் போயிற்று.

நிலவழி வணிகன் மகனுக்குக் கடல்வழி வணிகன் மகளைக் கொடுத்தார்கள் என்று இதிலிருந்து கூறலாமா? ஓரளவுக்குக் கூறலாம். ஆனால் கோவலன் குலத்திலும் கடலோடியவர்கள் உண்டு. அவன் முன்னோன் ஒருவன் மரக்கலம் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலை என்னும் கடல்தெய்வம் காத்துக் கரைசேர்த்தது. அந்நன்றியை நினைந்தே மாதவி பெற்ற குழந்தைக்கு அப்பெயரை இட்டான். இச்செய்தியை அடைக்கலக் காதையில் மாடல மறையோன் வாயிலாக அறிகிறோம்.

தாய்மாரைப் பற்றிக் காப்பியம் அறவே பேசாமல் இல்லை. கோவலன் இறந்த செய்தி புகாரை அடைந்ததும் இரு குடும்பங்களும் என்ன ஆயின என்பதை அதே மாடலன் செங்குட்டுவனிடம் நீர்ப்படைக் காதையில் கூறுகிறான். கோவலனின் தந்தை தன் செல்வமனைத்தையும் பௌத்த விகாரங்களுக்கு ஈந்து துறவு பூண்டான்; தாய் துயரம் தாங்காது உயிர்நீத்தாள். கண்ணகியின் தந்தை ஆசீவகர் முன்னிலையில் தானம் செய்து அறம்கொண்டான். அவன் மனைவியும் உயிர்விட்டாள். தந்தையர் இருவருக்கும் துறவு என்ற ஒரு வழி இருந்தது. தாயர் இருவருக்கும் சாவுதான் வழி. அவர்களைப் பற்றி இங்கே வருவது அவ்வளவே.

ஆயினும் இளங்கோவடிகள் அத்தாய்மாரை அவ்வாறே விட்டுவிடவில்லை. காப்பியத்தின் கடைசிப் பகுதியில் அவர்கள் மீண்டும் வருகின்றனர். வஞ்சி நகரில் அரட்டன் செட்டி என்பவனுக்கு இரட்டைப் பெண்குழந்தைகள். கோயில் தொண்டு செய்யும் சேடக்குடும்பி என்பவனுக்கு ஒரு பெண்குழந்தை. தெய்வநீரைத் தெளித்ததும் அம்மூன்று சிறுமியரும் தம் பழம்பிறப்பை உணர்ந்து அரற்றுகின்றனர். இரட்டையருள் ஒருத்தி கண்ணகியைப் பெற்றவள். மற்றவள் கோவலனைப் பெற்றவள். குடும்பியின் மகள், மதுரையில் இருவருக்கும் அடைக்கலம் தந்த மாதரி. சம்பந்திகளாக இருந்தவர்கள் ஒரே வயிற்றில் இரட்டையராகப் பிறந்துவிட்டார்கள்! அங்கும் அவர்களுக்குப் பெயர் இல்லை. தந்தையின் பெயர்தான் இருக்கிறது. இதைப் படித்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

கண்ணகி தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். பாண்டியன் அவையில் அவள் தன் நகரத்தைக் கூறுகிறாள், அதை ஆண்ட சோழர் இருவரின் நீதியைக் கூறுகிறாள், மாமனாரைக் கூறுகிறாள், கணவனைக் கூறுகிறாள், கடைசியில் தன் பெயரைக் கூறுகிறாள். பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழக்காட வந்தவள் கணவன் பொருட்டு வந்தவளாதலின் அது முறையே. பின்னர் நெடுவேள்குன்றத்தில் வேங்கை மரத்தின் கீழ்க் குறவர்கள் அவளை யாரென வினவும்போது மாமனார் பெயரும் இல்லை, கணவன் பெயரும் இல்லை. வினைவயத்தால் கணவனை இழந்தவள் என்று மட்டும் அறிகிறார்கள்.

மாதவியின் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே தாய்வழி மட்டுமே இருக்கிறது. சித்திராபதி பெற்றவள் மாதவி. மாதவி பெற்றவள் மணிமேகலை. அவ்வழி மேலே போனால் இந்திரன் அவையில் சாபம் பெற்றுப் பூவுலகில் பிறந்த ஊர்வசி வரை செல்லும். மாதவியின் தந்தை யார்? காப்பியத்துக்கு அக்கேள்வியே எழவில்லை. கணிகையர் குலத்தில் கலையும் சொத்தும் மகள்வழி இறங்கின. ஆகவே நினைவும் மகள்வழி இறங்கிற்று. வணிகர் குலத்தில் மகன்வழி. எந்த வழியில் உரிமை இறங்குகிறதோ அந்த வழியில்தான் பெயர்களும் இறங்குகின்றன போலும். என் கரும்பலகையில் ஒரு பாதி முழுவதும் ஆண்கள், மறுபாதி முழுவதும் பெண்கள். எங்கள் மலைமேல் உறையும் மாதொருபாகனின் திருவுருவம் நினைவுக்கு வந்தது.

சாத்தனாரின் மணிமேகலையில் இக்குலமுறை ஒரு முக்கியமான திருப்பம் அடைகிறது. வஞ்சிக்குச் செல்லும் மணிமேகலை அங்கே துறவியாக இருக்கும் பாட்டன் மாசாத்துவானைக் காண்கிறாள். கணிகை வயிற்றில் பிறந்தவள் என்று அவர் ஒதுக்கவில்லை. தம் குலவரலாற்றை அவளிடம்தான் சொல்கிறார். ஒன்பது தலைமுறைக்கு முன் தம் குலத்தில் கோவலன் என்றே ஒருவன் இருந்தான். அவன் மலைமீது வில்லைப் பொறித்த சேரமன்னனின் நெருங்கிய தோழன். அவன் கட்டிய பௌத்தச் சைத்தியம் வஞ்சியில் இருக்கிறது. அதைத் தொழவே வந்தேன் என்கிறார்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. இமயத்தில் வில் பொறித்தவன் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறுவது, இரண்டாம் பத்தின் தலைவனாகிய இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனை. அவன் ஐந்தாம் பத்தின் தலைவனாகிய செங்குட்டுவனுக்குத் தந்தை. செங்குட்டுவனோ கண்ணகிக்குக் கோயில் எடுத்தவன். கோவலன் காலத்தை ஒட்டியவன். ஒருபக்கம் ஒரே ஒரு தலைமுறை, மறுபக்கம் ஒன்பது தலைமுறை. நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்பது ஹெரோடோட்டஸ் வைத்த கணக்கு. அதன்படி ஒன்பது தலைமுறைக்கு 300 ஆண்டு. தலைமுறைக்கு 25 ஆண்டென்று குறைத்துக்கொண்டாலும் 225 ஆண்டு. எவ்வளவு நீட்டினாலும் நெடுஞ்சேரலாதன் அந்தத் தோழனாக முடியாது. ஒன்று, முன்னொரு காலத்தில் வேறொரு சேரனும் மலையில் வில் பொறித்திருக்க வேண்டும். அல்லது குலப்பெருமையைக் கூற வந்த புலவர் புகழ்பெற்ற அரசனின் அடையாளத்தை அந்தப் பழைய அரசன்மேல் ஏற்றியிருக்க வேண்டும். நான் பின்னதையே நம்புகிறேன். கிரேக்கர்க்கும் இத்தொல்லை வந்தது. கிரீட் தீவின் அரசன் மைனாசைப் பற்றிய கதைகள் காலத்தால் ஒத்துவராமற்போகவே, மைனாஸ் இருவர் இருந்தனர் என்று பிற்காலத்தார் தீர்வு கண்டனர். நாக்சஸ் தீவினர் அரியாட்னியையும் இருவராக்கினர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கணக்கு இடிக்கும் இடத்தில் ஆளை இரண்டாக்குவது எல்லா நாட்டுக் குலமுறைக்காரரும் கையாளும் உபாயம்.

இதற்கிடையே கணக்கு வாத்தியார்களுக்கு இன்பம் தரும் ஒரு நுட்பமும் இருக்கிறது. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது நம் வழக்கம். அதனால்தானே அவன் 'பெயரன்'! அப்படி இட்டால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்ப வரும். மாசாத்துவானுக்கு ஒன்பது தலைமுறை முன் ஒரு கோவலன் எனக் கொண்டால், கண்ணகியின் கணவனுக்கு அவன் பத்தாம் தலைமுறை முன்னோன். பத்து இரட்டைப்படை எண். எனவே பெயர் சரியாக வந்து பொருந்துகிறது! இது சான்றாகாது, விளையாட்டுத்தான். ஆயினும் சாத்தனார் வாயில் வந்த எண்ணைக் கூறிவிடவில்லை என்றெண்ண எனக்கு ஆசையாக இருக்கிறது.

மணிமேகலை காப்பியத்தில் இன்னொன்றும் உண்டு. தன் மகளைக் கணிகைத் தொழிலுக்கு அனுப்ப மறுக்கும் மாதவி, அவளைத் தன் மகளென்று கூறாமல் பெரும்பத்தினியின் மகளென்று கூறுகிறாள். வஞ்சிக் கோயிலில் கண்ணகியின் படிமத்தின் முன் நிற்கும் மணிமேகலையும் அவளைத் தாயாகவே கொண்டு பேசுகிறாள். கண்ணகிக்குப் பிள்ளைப்பேறு இல்லை; அவள் வழி அவளோடு முடிகிறது என்றுதான் கட்டம் காட்டும். ஆனால் கட்டத்தின் மறுபாதியிலிருந்த பெண்ணொருத்தி தன் குழந்தையைத் தூக்கி இப்பாதியில் வைத்துவிட்டாள். முற்பிறப்புக் கணக்கைச் சேர்த்தால் உறவு இன்னும் சுழலும்: மணிமேகலை முற்பிறப்பில் இரவிவன்மன் என்னும் அரசனின் மகள் இலக்குமி, அப்போது அவளுக்குத் தமக்கையாக இருந்த தாரையே இப்போது தாய் மாதவியாகவும், மற்றொரு தமக்கை வீரையே தோழி சுதமதியாகவும் பிறந்திருக்கின்றனர். எந்தக் கோட்டை எங்கே போடுவது என்று கரும்பலகை முன் நின்றவனுக்கே தெரியும் அத்துன்பம்.

மூத்த சான்றுகள் இவ்வளவே. இனிப் பின்வந்தவை. நாம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல், மணிமேகலையை 1898இல். அதற்கு முன் பொதுமக்கள் அறிந்திருந்த கண்ணகி, காப்பியத்துக் கண்ணகி அல்லள். கதைப்பாடல்களிலும் கூத்துகளிலும் வந்த கண்ணகி. அக்கதைகளில் அவள் வணிகன் வீட்டில் வளர்ந்தவள். பிறந்ததோ பாண்டியன் அரண்மனையில். இக்குழந்தையால் மதுரை அழியும் என்று சோதிடர் கூற, அரசன் அவளைப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறான். பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் கைக்குப் போகிறது.

இலங்கையில் இது இன்னும் வளர்ந்தது. சிங்களர் அவளைப் பத்தினித் தெய்யோ என்று வழிபடுகின்றனர். தமிழர் முல்லைத்தீவு வற்றாப்பளையிலும் மட்டக்களப்புப் பகுதிகளிலும் கண்ணகி அம்மன் என்று வழிபடுகின்றனர். அங்குள்ள கதையில் அவள் ஒரு மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். பாண்டியனின் சோலையில் யாராலும் வீழ்த்த முடியாத மாங்கனியொன்றை, கிழவன் வடிவில் வந்த இந்திரன் அம்பெய்து வீழ்த்துகிறான். அதன் சாறு பட்டுப் பாண்டியனின் நெற்றிக்கண் மறைகிறது. அக்கனி குழந்தையாகிறது, குழந்தை பேழையில் மிதந்து செல்கிறது. சிங்கள மரபில் பூ, நெருப்பு, கண்ணீர் என அவளுக்கு வேறு பல பிறப்புகளும் உண்டு. ஸ்பார்ட்டாவில் முட்டை, ஈழத்தில் மாங்கனி.

இப்புதிய தந்தை எந்தக் கேள்விக்கு விடை? வணிகன் மகளொருத்திக்குப் பாண்டியனின் தலைநகரை எரிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதே அக்கேள்வி என்று நான் நினைக்கிறேன். அவன் மகளே அவள் என்றால் விடை கிடைத்துவிடுகிறது, குற்றமும் கொடிதாகிறது. அறியாமல் தன் மருமகனையே கொன்றான். அவன் ஆற்றில் விட்ட ஊழ் திரும்பி வந்து அவன் வாயிலில் நின்றது. டிராய் நகரத்துப் பாரிசுக்கும் இதே கதைதான். எரிகொள்ளியொன்றைப் பெற்றெடுப்பதாகத் தாய் ஹெக்யூபா கனாக்கண்டாள், இப்பிள்ளையால் நகரம் அழியும் என்றனர், மலையில் கொண்டுபோய் விட்டனர், அவன் உயிரோடு திரும்பி வந்தான், நகரம் எரிந்தது. ஒருவர் கதையை ஒருவர் கேட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஊரழிவுக்குக் காரணம் தேடும் மனம் எங்கும் அரண்மனைத் தொட்டிலில்தான் போய் நிற்கிறது.

ஆனால் இந்தப் பாண்டியன்மகள் என்ற கருத்துக்கு ஒரு விதை காப்பியத்திலேயே இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. வாழ்த்துக் காதையில் தெய்வமாகிய கண்ணகி செங்குட்டுவனுக்குக் காட்சி தரும்போது, பாண்டியன் மேல் பழியில்லை என்றும், தான் அவனுக்கு மகள் என்றும் கூறுகிறாள். யாரால் கணவனை இழந்தாளோ அவனைத் தந்தையென்று அழைக்கிறாள். காப்பியத்தில் இது சினம் ஆறியபின் அவளே ஏற்றுக்கொண்ட உறவு. வழிவழியாகக் கதை சொன்னவர்கள் அச்சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப அரண்மனையும் பேழையும் ஆறும் படைத்துக்கொண்டார்கள் என்பது என் துணிபு. இதனை நான் உறுதியாக நாட்ட முடியாது. ஆயினும் இதைவிட நல்ல விளக்கம் இதுவரை எனக்குக் கிட்டவில்லை.

பெயரொற்றுமையில் மயங்குவோர் வேறொரு பக்கம் செல்வர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகனின் மனைவி பெயரும் கண்ணகி. அவளும் கணவனால் பிரியப்பட்டவள். அவளுக்காகக் கபிலரும் பரணரும் வேறு புலவரும் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. கணவன் பிரிந்தான், பெயர் ஒன்று என்பதற்காக இருவரையும் ஒருத்தியாக்க இயலாது. ஒருமுலை அறுத்த திருமாவுண்ணி என்று நற்றிணையில் வருபவளோ பெயரால் வேறு, செயலால் நெருங்கியவள். அவளே கண்ணகிக்கதையின் பழைய வடிவம் என்பாருடன் எனக்குப் பாதி உடன்பாடுதான்.

அரசர் குலமுறையும் நம்மைக் கைவிடுகிற இடம் உண்டு. செங்குட்டுவனைப் பெற்றவள் சோழர் குலத்து மகள். பதிற்றுப்பத்துப் பதிகத்தில் வரும் மணக்கிள்ளி என்ற பெயர் அவளுடையதா, அவள் தந்தையுடையதா என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை. உரைமரபு அவளை நற்சோணை என்கிறது. இமயம் வரை சென்று கல்லெடுத்து வந்த வேந்தனின் தாய்க்கும் இந்நிலையென்றால், புகார் நகரத்து வணிகனின் மனைவிக்குப் பெயர் வேண்டுமென்று நாம் எவ்வாறு வாதாடுவது?

மறுநாள் வகுப்புக்குப் போய், "கண்ணகியின் தாய்க்கு நூலில் பெயர் இல்லை, அம்மா" என்று உள்ளதைக் கூறினேன். கட்டத்தில் அவளுக்குரிய இடத்தில் ஒரு வெற்றுப்பெட்டி வரைந்தேன். கோவலனின் தாய்க்கும் ஒன்று. பின்பு, அவரவர் வீட்டுக் குலமுறையை ஐந்து தலைமுறைக்கு எழுதி வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். எங்கள் கொங்குநாட்டில் சம்பந்தம் பேச வருவோர் முதலில் கேட்பது 'என்ன கூட்டம், எந்தக் கோயில்' என்பதே; ஒரே கூட்டத்தில் பெண் எடுக்கமாட்டார்கள். ஆகவே தந்தைவழியைப் பிள்ளைகள் எளிதில் எழுதிவந்தனர். கல்யாணத்தில் கம்பர் பாடியதென்று கூறி மங்கல வாழ்த்துப் பாடும் வழக்கமுள்ள நாடு இது. முன்னோரை மறக்கும் நாடன்று. எனினும் மறுவாரம் வந்த தாள்களில் பாதிக்குமேல், மூன்றாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெண்களின் பெட்டிகள் வெறுமையாகவே இருந்தன. கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் தன் அப்பத்தாவிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டு நான்கு பெயர்களைக் கொண்டுவந்தாள். ஐந்தாவது பெட்டியில் 'தெரியவில்லை, விசாரிக்கிறேன்' என்று எழுதியிருந்தாள்.

பிள்ளைகளுக்கு இட்ட பாடத்தை ஆசிரியனும் செய்ய வேண்டுமல்லவா? என் பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயரை என் மூத்த தமக்கையாரிடம் கேட்டேன். "மல்லசமுத்திரத்தா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், தம்பி. அவர் பிறந்த ஊர் அது. பெயர் எனக்குத் தெரியாது" என்றார். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரால் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாநாய்கனுக்குத் தொழில் பெயராயிற்று. எங்கள் பாட்டனாரின் தாய்க்கு ஊர் பெயராயிற்று. மல்லசமுத்திரத்தில் அவர் பிறந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒருமுறை போய் வந்தேன். அங்கே ஒரு முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு இரண்டு பெயர்களைக் கூறினார். இரண்டில் எது என்று அவருக்கு உறுதியில்லை. இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.